'மைத்துனர் வருவார், அவரிடம் விலை பேசாதீர்கள்' என்கிறார். பழைய காரை இவருக்கு விற்கலாமா?

கேள்வி: காரை விற்பவர்

அனைவருக்கும் வணக்கம். வாங்கிய நாளிலிருந்து நான் ஒருவனே ஓட்டிவந்த காரை விற்கப் போகிறேன். இடையில் தரகர் வேண்டாம் என்று முடிவெடுத்து, நானே இணையத்தில் விளம்பரம் கொடுத்தேன். படங்கள், ஓடிய தூரம், செய்த பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறேன். விளம்பரம் வெளியான சிறிது நேரத்திலேயே அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. எது மெய், எது பொய் என்று பிரித்தறிய முடியாமல் திணறுகிறேன்.

ஒருவர் காரைப் பார்க்காமலேயே நான் கேட்ட விலைக்குச் சம்மதித்துவிட்டார். வேலை காரணமாக நேரில் வர இயலாதாம். வங்கி வரைவோலை அனுப்புவாராம். அதில் கூடுதலாக இருக்கும் தொகையைக் காரை ஏற்றிச் செல்ல வருபவரின் கணக்குக்கு நான் அனுப்பிவிட வேண்டுமாம். இன்னொருவர் ஓர் இணையதளத்தின் பெயரைச் சொல்லி, காரின் வரலாற்று அறிக்கையை அங்கிருந்துதான் வாங்கி அனுப்ப வேண்டும், அனுப்பினால் உடனே வருகிறேன் என்கிறார். மூன்றாமவர், "நீங்கள் உண்மையான ஆள்தானா என்று தெரிய வேண்டும். உங்கள் கைப்பேசிக்கு ஓர் ஆறிலக்க எண் வரும், அதைச் சொல்லுங்கள்" என்றார். இந்த மூவர் மீதும் எனக்கு ஐயம் வந்துவிட்டது. பதில் அனுப்பவில்லை.

நான்காமவர் அப்படி இல்லை. டயர் எப்போது மாற்றியது, கிளட்ச் எப்படி இருக்கிறது, காப்பீடு எதுவரை என்று விவரம் தெரிந்தவராகக் கேட்டார். விலையையும் நியாயமாகப் பேரம் பேசி முடித்தார். ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. தாம் வெளியூரில் இருப்பதாகவும் தம் மைத்துனர் வந்து காரைப் பார்ப்பார் என்றும் சொன்னார். "மைத்துனருக்கு நான் பணம் தர வேண்டியிருக்கிறது. அதற்கு ஈடாகத்தான் இந்தக் காரை வாங்கித் தருகிறேன். ஆகவே விலையை மட்டும் அவரிடம் பேசாதீர்கள், கேட்டால் என்னிடம் கேட்கச் சொல்லுங்கள்" என்றார். குடும்பக் கணக்கு, நமக்கென்ன என்று தோன்றுகிறது. இவரை நம்பலாமா? பணத்தை எந்த வழியில் வாங்குவது நல்லது? ஓட்டிப் பார்க்கக் காரைக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

தம்பி, நீங்கள் நம்புகிற அந்த நான்காமவரிடம்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மற்ற மூவரும் உங்களை மட்டும் ஏமாற்றப் பார்க்கிறார்கள். இவர் உங்களையும், உங்கள் வீட்டுக்கு வரப்போகும் இன்னொரு நல்ல மனிதரையும் ஒருசேர ஏமாற்றப் பார்க்கிறார் என்றே நினைக்கிறேன்.

இது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். உங்கள் விளம்பரத்தில் உள்ள படங்களை எடுத்து, அதே காரைக் குறைந்த விலைக்கு இவர் வேறோர் இடத்தில் விளம்பரம் செய்திருப்பார். அதைப் பார்த்து அழைத்தவர்தான் அந்த 'மைத்துனர்'. அவரிடம் இவர் என்ன சொல்லியிருப்பார் தெரியுமா? "கார் என் உறவினர் வீட்டில் நிற்கிறது. போய்ப் பாருங்கள். அவருக்கும் எனக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது, அதனால் விலையைப் பற்றி அவரிடம் வாய் திறக்காதீர்கள்." உங்களிடம் சொன்ன அதே கதை, ஆட்கள் மட்டும் இடம் மாறியிருப்பார்கள். வந்தவர் காரைப் பார்க்கிறார், கார் உண்மையானது. பதிவுச் சான்றைப் பார்க்கிறார், அதுவும் உண்மையானது. எதிரே நிற்கும் நீங்களும் நேர்மையானவர். இதற்குமேல் அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்? பணத்தை அந்த நான்காமவர் சொன்ன கணக்குக்கு அனுப்பிவிடுகிறார். மறு நிமிடம் உங்களுக்கு ஓர் அழைப்பு வரும்: "பணம் போட்டுவிட்டேன், ரசீதின் படத்தை அனுப்பியிருக்கிறேன், மைத்துனரிடம் சாவியைக் கொடுத்துவிடுங்கள்."

கொடுத்தால் உங்கள் கார் போயிற்று. கொடுக்காவிட்டால் பணத்தைப் பறிகொடுத்தவர் உங்கள் வாசலில் நின்று, நீங்கள்தான் கூட்டாளி என்று கத்துவார். இருவரும் காவல் நிலையத்தில் ஒருவர் மீது ஒருவர் புகார் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு பக்கமும் பேசிய குரல் எங்கேயோ போய் மறைந்திருக்கும். ஏமாந்த இரண்டு நேர்மையான மனிதர்கள் ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்துக்கொண்டு வங்கிக் கவுண்ட்டருக்கு முன்னால் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இந்த மோசடியில் எனக்கு மிகவும் கோபம் வருவது அங்கேதான்.

இதை உடைக்க ஒரு பேச்சு போதும். வருபவரிடம் நேராகக் கேளுங்கள்: உங்களுக்கு இந்தக் காரைப் பற்றிச் சொன்னது யார், என்ன விலை சொன்னார், பணத்தை யாருக்குக் கொடுக்கச் சொன்னார். உண்மையான மைத்துனராக இருந்தால் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். இல்லையென்றால் இருவரும் அந்த இடத்திலேயே தப்பித்துக்கொள்வீர்கள். யாரிடம் விலை பேச வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறாரோ, அவரிடம்தான் முதலில் விலை பேச வேண்டும்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி காசோலைகளோடு கழிந்தது. கணக்கில் வரவு என்று தெரிவதும் பணம் வந்து சேர்ந்துவிட்டது என்பதும் வேறு வேறு. காசோலையைப் போட்டால் வங்கி பல நேரங்களில் தற்காலிகமாக வரவு வைக்கும். சில நாடுகளில் ஓரிரு நாளுக்குள் வாடிக்கையாளர் எடுக்கும்படி தொகையைத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் அந்தக் காசோலை போலி என்று எதிர் வங்கி கண்டுபிடித்துத் திருப்புவதற்கு அதைவிடக் கூடுதல் நாள் ஆகலாம், வாரக்கணக்கில்கூட ஆகலாம். திரும்பினால் முழுத் தொகையையும் உங்கள் கணக்கிலிருந்து வங்கி கழித்துவிடும். உங்களிடம் பேசிய முதல் ஆள் நம்பியிருப்பது இந்த இடைவெளியைத்தான். 'கூடுதல் தொகையைக் கார் ஏற்றுபவருக்கு அனுப்புங்கள்' என்கிறாரே, அது உங்கள் சொந்தப் பணம். கார் ஏற்ற யாரும் வரமாட்டார்கள். அவருக்குக் கார் தேவையே இல்லை. கூடுதலாகப் பணம் தந்து மீதியை அனுப்பச் சொல்பவர் யாராக இருந்தாலும், எந்தக் காரணம் சொன்னாலும், பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

வரைவோலை என்றால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வரைவோலையையும் அச்சடித்துவிடுகிறார்கள், தம்பி. அது மெய்யா என்று அறிய, அதை வழங்கிய வங்கியிடம் கேட்க வேண்டும். கேட்பதற்கான தொலைபேசி எண்ணை நீங்களாகத் தேடி எடுக்க வேண்டும். தாளிலேயே அச்சிட்டிருக்கும் எண்ணை அழைத்தால் எடுப்பவர் அவர்களுடைய ஆளாகவே இருப்பார்.

எனக்குத் தெரிந்த பாதுகாப்பான வழி இதுதான். வாங்குபவரும் நீங்களும் உங்கள் வங்கிக் கிளைக்கு, வேலை நேரத்தில், ஒன்றாகப் போங்கள். அவர் தம் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குப் பணத்தை மாற்றட்டும். வந்ததா என்பதை அவருடைய கைப்பேசியில் பார்க்காதீர்கள். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள், கவுண்ட்டரிலும் கேளுங்கள். 'பணம் அனுப்பப்பட்டது' என்ற திரையை அப்படியே காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. வங்கி அனுப்பியதைப் போன்ற குறுஞ்செய்தியையும் எவரும் அனுப்பிவிட முடியும். கிளைக்கு வர மறுப்பவர், "மணி ஆகிவிட்டது, நாளைக் காலை வந்துவிடும், சாவியை இப்போதே கொடுங்கள்" என்பவர், விடுமுறைக்கு முந்தைய மாலையில்தான் வருவேன் என்று அடம்பிடிப்பவர், இவர்களையெல்லாம் அனுப்பிவிடுங்கள். வேறு ஆள் கிடைப்பார்.

பணம் யாருடைய கணக்கிலிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வாங்குபவர் ஒருவர், பணம் போடுபவர் வேறொருவர் என்றால் நிறுத்துங்கள். எங்கோ ஒருவரிடம் திருடிய பணம் உங்கள் கணக்குக்கு வந்திருந்தால், விசாரணையில் உங்கள் கணக்கை முடக்கிவிடுவார்கள். காரும் போய், வந்த பணத்தையும் தொட முடியாமல் நீங்கள் அலைய நேரிடும்.

இன்னொன்று. பணம் பெறுவதற்கு ரகசிய எண் எதையும் அழுத்த வேண்டியதில்லை. பணம் பெற ஒரு கட்டக்குறியை (கியூஆர் கோடு) ஸ்கேன் செய்யுங்கள், வந்திருக்கும் கோரிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால், அது உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் ஏற்பாடு. ஆறிலக்க எண் கேட்டவரும் இதற்கு உறவினர்தான். அந்த எண்ணைக் கொடுத்தால் உங்கள் தொலைபேசி எண்ணின் பேரில் வேறொரு கணக்கைத் திறந்துகொள்வார், அல்லது உங்களிடம் இருக்கும் கணக்கையே பிடுங்கிக்கொள்வார்.

வரலாற்று அறிக்கை கேட்டவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த இணையதளமே அவர்களுடையதாக இருக்கும். சிறிய கட்டணம் என்று சொல்லி உங்கள் அட்டை விவரங்களை வாங்குவதுதான் நோக்கம். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2018-ஆம் ஆண்டிலேயே கார் விற்பவர்களுக்கு இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. வாகன அடையாள எண்ணின் ஆங்கிலச் சுருக்கமும் 'வின்' என்பதால், '.வின்' (.vin) என்று முடியும் முகவரிகள் அந்த எண்ணைக் குறிப்பதாக மக்கள் நம்பிவிடுகிறார்கள், அந்தப் பின்னொட்டு திராட்சை மது சார்ந்த தளங்களுக்கானது என்று அதில் சுட்டிக்காட்டியிருந்தது. அறிக்கை வேண்டும் என்பவர் தாமே வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் வாங்குவதாக இருந்தால் அரசுத் துறையோ நீங்கள் முன்பே அறிந்த நிறுவனமோ தரும் அறிக்கையை மட்டும் வாங்குங்கள்.

மறுமொழி: பட்டறைக்காரர்

ஐயா பணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் காருக்குப் பக்கத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

தம்பி, காரைப் பார்க்க இரண்டு மூன்று பேராக வந்தால் நீங்களும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உங்களிடம் காகிதங்களைக் காட்டச் சொல்லி வீட்டுக்குள் இழுத்துச் செல்வார். அந்த நேரத்தில் மற்றவர் பானெட்டைத் திறந்து, குளிர்நீர்த் தொட்டியில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலை ஊற்றிவிடுவார். சில சமயம் சூடான புகைபோக்கிக் குழாயிலும் தடவிவிடுவார்கள். ஓட்டிப் பார்க்கும்போது புகை கிளம்பும். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து, "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, தண்ணீரில் ஆயில் கலந்திருக்கிறது, எஞ்சினையே இறக்க வேண்டும்" என்பார்கள். நீங்கள் அதிர்ந்து நிற்கும்போது பாதி விலை சொல்வார்கள். நல்ல எஞ்சினைக் கெட்டது என்று நம்பி, வந்த விலைக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். காரின் சொந்தக்காரர் அதை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டார் என்பது பட்டறையில் இருக்கும் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இதைக் கேட்கும்போது வயிறு எரிகிறது.

கேஸ்கெட் என்பது எஞ்சினுக்குள் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கும் அடைப்புத் தகடு. அது உண்மையில் போயிருந்தால் சில அடையாளங்கள் உண்டு. ஆயிலும் தண்ணீரும் எஞ்சின் ஓட்டத்தில் அடிபட்டுக் கலந்து, பால் கலந்த பழுப்பு நிறத்தில் கூழாக இருக்கும். குளிர்நீர் அளவு குறைந்துகொண்டே வரும், எஞ்சின் சூடேறும், பின்னால் வெள்ளைப் புகை விடாமல் வரும். இப்போதுதான் ஊற்றிய ஆயில் கலங்காமல் தெளிவாக மேலே மிதக்கும். இந்த வேறுபாடு தெரிந்தால் யாரும் உங்களை மிரட்ட முடியாது. அவர்கள் வருவதற்கு முன்பே குளிர்நீர்த் தொட்டி, ஆயில் அளவுகோல், ஆயில் மூடியின் உட்புறம் ஆகியவற்றைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழுது என்று யாராவது சொன்னால், "சரி, பட்டறைக்குப் போய் இரண்டு பேரும் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நேர்மையானவர் வருவார்.

இன்னொரு வேலை, சிலிண்டரில் தீப்பொறி உண்டாக்கும் இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றிவிடுவது. ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் எஞ்சின் குலுங்கும், எச்சரிக்கை விளக்கு எரியும். இதற்கும் மருந்து ஒன்றுதான். பானெட்டைத் திறந்தவுடன் நீங்கள் அங்கேயே நிற்க வேண்டும், மூடும்வரை நகரக் கூடாது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே கணினிச் சோதனைக்கான இணைப்புத் துளை இருக்கிறது அல்லவா, அதில் தாம் கொண்டுவந்த கருவியைச் சொருகிப் பார்க்கிறேன் என்று சிலர் கேட்பார்கள். பழுதுக் குறியீடு படிக்கவும் அதே துளைதான், சில கார்களில் புதிய சாவியைப் பதிவு செய்யவும் அதே துளைதான். ஆகவே சோதனை வேண்டும் என்றால் உங்களுக்குத் தெரிந்த பட்டறையில், உங்கள் முன்னால் நடக்கட்டும். காருக்குள் எவரையும் தனியாக உட்கார விடாதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஆபத்தான கணம் ஒன்று உண்டு: இருக்கை மாறும் நேரம். நீங்கள் ஓட்டிக் காட்டுகிறீர்கள், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க இறங்கி மறுபக்கம் நடக்கிறீர்கள். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்து போய்விடுவார். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில் சாவி உங்கள் பையில் இருந்தாலும் பயன் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் அணையாமல் ஓடும். எனவே எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். மறுபக்கம் ஏறி உட்கார்ந்த பிறகு சாவியைக் கொடுங்கள். அதற்கும் முன்னால், வந்தவரின் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முகம் பொருந்துகிறதா என்று பாருங்கள், உங்கள் காப்பீடு இன்னொருவர் ஓட்டுவதற்குச் செல்லுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஓட்டி முடித்துத் திருப்பித் தரும் சாவி உங்களுடையதுதானா என்று ஒரு முறை கதவைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். அதே போன்ற வேறு சாவியைக் கொடுத்துவிட்டு, இரவில் வந்து காரை எடுத்துப் போனவர்கள் உண்டு.

விளம்பரத்தில் சாவியின் படம் இருந்தால் எடுத்துவிடுங்கள். சாதாரண வெட்டுச் சாவியைப் படத்தைப் பார்த்தே செய்துவிட முடியும். பதிவுச் சான்றின் படமும் வேண்டாம். எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட வாகன அடையாள எண்ணை நேரில் வருபவருக்குக் காட்டினால் போதும். திருட்டுக் காருக்கு உங்கள் காரின் எண்ணைப் பொறித்து விற்பவர்களுக்கு அதுதான் வேண்டும்.

ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. கையில் ரொக்கமாக வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே?

மறுமொழி: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

பட்டறைக்காரரே, ரொக்கத்திலும் தொல்லை உண்டு. கள்ள நோட்டைக் கட்டின் நடுவில் வைத்துத் தருவார்கள். கார் வாங்க இருப்பதுபோல் வந்து, விற்பவர் கையில் இன்று பெரும் தொகை இருக்கும் என்று தெரிந்துகொண்டு பின்தொடர்பவர்களும் உண்டு. ரொக்கம்தான் என்று வாங்குபவர் சொன்னால் வாங்கலாம். ஆனால் வங்கிக் கவுண்ட்டரில் எண்ணி, பரிசோதித்து, கணக்கில் கட்டிய பிறகே சாவி கை மாற வேண்டும். சில நாடுகளில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் ரொக்கமாக வாங்குவதற்கே தடை இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுமொழி: காரை விற்பவர்

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. அந்த 'மைத்துனர்' இன்று வந்தார். நடுத்தர வயது, மனைவியையும் அழைத்து வந்திருந்தார். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு இருவருக்கும் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. நீங்கள் சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டேன். முதலில் தயங்கினார். "உங்களிடம் விலை பேச வேண்டாம் என்று உங்கள் மாமா சொன்னாரே" என்றார். எனக்கு மாமாவே இல்லை என்றேன். அவரிடம் சொல்லப்பட்டிருந்த விலை, நான் கேட்பதைவிட மிகவும் குறைவு. காரைப் பிடித்திருந்தால் நின்ற இடத்திலிருந்தே பணம் அனுப்பச் சொல்லி, வேறொருவர் பெயரில் ஒரு கணக்கு எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். அவர் கையில் கைப்பேசியைத் திறந்தே வைத்திருந்தார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அந்த ஆள் அவரை இரண்டு முறை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டு நானே பேசினேன், உடனே துண்டித்துவிட்டார். அந்த அம்மா அழுதுவிட்டார். அது அவர்கள் பல காலம் சேர்த்த பணமாம். இருவரும் சேர்ந்தே காவல்துறையின் இணையவழிக் குற்றப் பிரிவில் அந்த எண்ணையும் கணக்கையும் கொடுத்துப் புகார் பதிவு செய்துவிட்டோம். என் படங்களோடு இருந்த போலி விளம்பரத்தையும் நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

இப்போது அவர்களே என் விலைக்குக் காரை வாங்கிக்கொள்ள முடியுமா என்று யோசிக்கிறார்கள். அவர்களுக்கே விற்க எனக்கும் விருப்பம்தான். பணத்தை ஐயா சொன்னபடி வங்கியில் வைத்து வாங்குகிறேன். அதன் பிறகு நான் செய்ய வேண்டியது என்ன? பதிவை அவர் பெயருக்கு மாற்றுவது அவர் வேலைதானே?

மறுமொழி: விபத்து வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர்

தம்பி, அவருடைய வேலை என்று விட்டுவிடாதீர்கள். பெயர் மாறாமல் இருந்தால் அடிபடப் போவது நீங்கள்.

இந்தியாவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் 2007-இல் காரை விற்றுவிட்டார். பதிவில் பெயர் மாறவில்லை. கார் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு என்று கைமாறிக்கொண்டே போனது. 2009-இல் விபத்து நடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2018-இல் வந்த தீர்ப்பு, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது. எப்போதோ விற்றுவிட்டேன் என்ற வாதம் எடுபடவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பம் பல கை மாறிய காரின் சொந்தக்காரரைத் தேடி அலையக் கூடாது என்பதுதான் நீதிமன்றத்தின் அக்கறை. அது நியாயமான அக்கறை. ஆனால் விற்றவர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

எனவே விற்ற செய்தியைப் பதிவு அதிகாரிக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் அதற்குப் படிவம் 29, வாங்குபவர் விண்ணப்பிக்கப் படிவம் 30. பிரிட்டனில் வி5சி எனப்படும் பதிவு நூலின் பச்சை நிறச் சீட்டை வாங்குபவரிடம் கொடுத்துவிட்டு, விற்றதை ஓட்டுநர் மற்றும் வாகன உரிம முகமைக்கு நீங்களே இணையத்தில் சொல்லிவிட வேண்டும். கலிஃபோர்னியாவில் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பை 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தில் படிவத்தின் பெயர் எதுவாக இருந்தாலும், அதை அன்றைக்கே கொடுத்து ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மறுவிற்பனை செய்பவர்கள். தங்கள் பெயருக்கு மாற்றாமலேயே அடுத்தவருக்குக் கைமாற்றிவிடுவார்கள். அதுவரை சாலை விதி மீறலுக்கு வரும் அபராதம் முதல் குற்ற வழக்குவரை எல்லாம் உங்கள் முகவரிக்கே வரும். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லாவற்றையும் உங்கள் முன்னால் நிரப்பிய பிறகே கையெழுத்து.

படிவங்களோடு ஒரு விற்பனை ஒப்புகைக் கடிதமும் எழுதிக்கொள்ளுங்கள். இருவர் பெயர், அடையாள அட்டை எண், காரின் பதிவு எண், அடையாள எண், ஓடிய தூரம், தொகை, பணம் வந்த வழி, காரை ஒப்படைத்த தேதியோடு மணியும் நிமிடமும். மணி நேரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காலையில் விற்ற கார் அன்று மாலை விபத்தில் சிக்கினால் அந்த ஒரு வரிதான் பேசும். இப்போது இருக்கும் நிலையில், பார்த்துச் சோதித்து வாங்கிக்கொண்டேன் என்று அவர் கைப்பட ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உங்களுக்குத் தெரிந்த குறைகளையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு, அவருக்கும் மரியாதை.

சாவியைக் கொடுக்கும் முன் காரின் திரையில் இணைத்திருக்கும் உங்கள் கைப்பேசித் தொடர்புகள், வழிகாட்டியில் சேமித்த வீட்டு முகவரி, காரைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியின் கணக்கு எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். சுங்கச்சாவடிக் கட்டணப் பட்டையை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அவர் போகும் ஊருக்கெல்லாம் உங்கள் கணக்கிலிருந்து பணம் கழியும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் கொடுங்கள்.

மறுமொழி: காரை விற்பவர்

நன்றி அக்கா. ஒன்று கேட்க மறந்துவிட்டேன். காரின் மீது வாங்கிய கடனில் சில தவணைகள் இன்னும் பாக்கி இருக்கின்றன. அவர்கள் தரும் பணத்தில் அதை அடைத்துவிடலாம் என்று இருக்கிறேன். இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

மறுமொழி: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

முதலிலேயே சொல்லிவிடுங்கள், தம்பி. மறைத்தால் இப்போது அவர்கள் உங்களைச் சந்தேகிப்பார்கள். ஏற்கனவே ஒருவனிடம் ஏமாற இருந்தவர்கள்.

கடன் கொடுத்த நிறுவனத்திடம் இன்றைய தேதிக்கு அடைக்க வேண்டிய முழுத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு நீங்களும் அவர்களும் அந்த அலுவலகத்துக்கே சேர்ந்து போங்கள். அவர்கள் கடன் பாக்கியை நேராக உங்கள் கடன் கணக்கில் கட்டட்டும், மீதியை உங்கள் சேமிப்புக் கணக்குக்கு மாற்றட்டும். அப்படிச் செய்தால் தங்கள் பணம் கடனுக்குத்தான் போனது என்பதை அவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். கடன் முடிந்ததற்கான கடிதமும் அடமானத்தை நீக்கும் கடிதமும் கைக்கு வரச் சில நாள்கள் ஆகலாம். அவை வராமல் பதிவு அவர் பெயருக்கு மாறாது. ஆகவே அந்தக் கடிதங்கள் வரும்வரை கார் யாரிடம் நிற்கும் என்பதைப் பணம் கை மாறுவதற்கு முன்பே பேசி, வழக்கறிஞர் அம்மா சொன்ன ஒப்புகைக் கடிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.